கடன் கொடுத்தவர் வாசலோடு நிற்கட்டும்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு (இரண்டாம் ஆண்டு), 30 ஜூன் 2024



இன்றைய நற்செய்தியில் இரண்டு பேர் நலம் பெறுகிறார்கள். ஒருவர் தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் பன்னிரண்டு வயது மகள். மற்றவர் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண். அந்தப் பெண்ணின் நம்பிக்கையைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். கூட்டத்துக்குள் நுழைந்து, பின்புறமாக வந்து, ஆண்டவரின் மேலுடையைத் தொட்டார், நலமடைந்தார். வழக்கமாக நாம் அந்த இடத்துக்கு விரைந்து போய்விடுகிறோம். இன்று அதற்கு முந்தைய ஒரு வரியில் சற்று நிற்போம்.

அந்தப் பெண் மருத்துவர் பலரிடம் போய் அலைந்தார், துன்பப்பட்டார், கையில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தார், அப்படியும் குணமாகவில்லை, நோய் முன்னைவிட மோசமானது என்று மாற்கு எழுதுகிறார். இதே நிகழ்ச்சியை எழுதும் லூக்கா, நோய் மோசமானது என்ற செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். லூக்கா ஒரு மருத்துவர் என்பது திருஅவையின் மரபு. தம் தொழிலைச் சேர்ந்தவர்களைக் கொஞ்சம் காப்பாற்றிவிட்டார் என்று மறைநூல் ஆசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாற்கு அப்படிக் காப்பாற்றவில்லை. நோய் அந்தப் பெண்ணின் உடலை மட்டும் அல்ல, மடியில் முடிந்து வைத்திருந்த பணத்தையும் தின்றுவிட்டது என்பதை அவர் பதிவு செய்கிறார். நற்செய்தி அவ்வளவு நுட்பமாக ஓர் ஏழையின் கணக்கைப் பார்க்கிறது.

அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறார் என்று தேடினால், நாம் எதிர்பாராத ஓர் இடத்திலும் அவரைக் காணலாம். உலகிலேயே மருத்துவத்துக்கு மிக அதிகமாகச் செலவு செய்யும் நாடு அமெரிக்கா. நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். மகளுடைய பேறுகாலத்துக்கு உதவ, பேரப்பிள்ளையைப் பார்க்க, பெற்றோர் பலர் விமானம் ஏறுகிறார்கள். "அங்கே உடம்புக்கு மட்டும் ஒன்றும் வந்துவிடக் கூடாது" என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? அங்கே மருத்துவம் மோசம் என்பதாலா? இல்லை. பிறகு வீடு தேடி வரும் பில்லுக்குப் பயந்து!

அமெரிக்க மக்கள் மருத்துவச் செலவுக்காகப் பட்டிருக்கும் கடன் குறைந்தது 22,000 கோடி டாலர் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 30 லட்சம் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கடன்பட்டிருக்கிறார்கள். இவர்களில் காப்பீடு உள்ளவர்களும் ஏராளம். காப்பீடு இருந்தாலும், ஒவ்வோர் ஆண்டும் முதல் சில ஆயிரம் டாலரை நோயாளியே கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே பரவலாக உண்டு. மாதந்தோறும் சந்தாவும் கட்ட வேண்டும். நோய் வந்தால் அந்தத் தொகையையும் கட்ட வேண்டும்.

இந்தக் கடன் எப்படி வருகிறது என்று பாருங்கள். நாம் ஒரு மாடு வாங்கினால் விலை பேசுகிறோம். ஒரு முழம் பூ வாங்கினாலும் விலை கேட்கிறோம். வங்கியில் கடன் வாங்கினால், எவ்வளவு தொகை, என்ன வட்டி என்று தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறவரால் விலை பேச முடியுமா? சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அங்கே பில் வருகிறது. மருத்துவமனைக்கு ஒரு பில், மயக்க மருந்து கொடுத்தவருக்குத் தனியாக ஒன்று, ஆம்புலன்ஸுக்கு இன்னொன்று. எவ்வளவு என்று தெரியாமலே பட்ட கடன் அது.

சரி, முன்கூட்டியே கேட்டால் சொல்வார்களா? நெடுங்காலம் சொல்லவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு பெரிய விலைப்பட்டியல் உண்டு. அதில் இருக்கும் விலை ஒன்று. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி ஒத்துக்கொண்ட விலை வேறொன்று. இன்னொரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்றாவது விலை. ரொக்கமாகக் கட்டுகிறவருக்கு நான்காவது. ஒரே கட்டடத்தில், ஒரே இயந்திரத்தில் எடுக்கும் ஒரே எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இத்தனை விலைகள்! இதில் மிக உயர்ந்த விலை பெரும்பாலும் யார் தலையில் விழுந்தது? தமக்காகப் பேரம் பேச யாருமில்லாத, காப்பீடு இல்லாத ஏழையின் தலையில்.

இதைக் கேட்கும்போது இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. உன் பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்காதே என்று ஆண்டவர் அங்கே கட்டளையிடுகிறார். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல். பணக்காரருக்கு ஒரு கல், ஏழைக்கு ஒரு கல் என்று வைத்திருப்பது ஆண்டவருக்கு அருவருப்பு. அந்த வணிகர் ஒரே ஒரு கல்லை மேசைமேல் வைத்திருந்தால் ஏமாற்ற முடியாது. கற்கள் பைக்குள் மறைந்திருப்பதால்தான் ஏமாற்ற முடிகிறது. ஆகவே நேர்மையின் முதல் படி, பையைத் திறந்து காட்டுவது.

பையைத் திறக்கச் சொல்லும் சட்டம் அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விலைகள் எல்லாவற்றையும், காப்பீட்டு நிறுவனங்களோடு பேசி வைத்திருக்கும் விலைகள் உட்பட, இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்துகொள்ளக்கூடிய 300 சிகிச்சைகளின் விலையைச் சாதாரண மக்களுக்குப் புரியும் முறையில் தர வேண்டும். இதுதான் அந்த விதி.

விதி வந்தது. ஆனால் பல மருத்துவமனைகள் அசையவில்லை. மீறினால் ஒரு நாளைக்கு 300 டாலர் அபராதம் என்று இருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு அது தேநீர்ச் செலவு. 2022இல் அந்தத் தொகையைப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, ஒரு நாளைக்கு 5,500 டாலர் வரை உயர்த்தினார்கள். முதல் அபராதம் விதிக்கப்பட்டதே 2022 ஜூன் மாதத்தில்தான். ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. அந்த ஒன்றரை ஆண்டிலும் நோயாளிகளுக்குப் பில் போய்க்கொண்டுதான் இருந்தது. கட்டாதவர்களைத் தேடி வசூல்காரர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மருத்துவமனை சட்டத்தை மீறினால் மெதுவாக ஒரு கடிதம் வரும். நோயாளி தவணையை மீறினால் வழக்கு வரும். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியைக் கொலராடோ என்னும் மாநிலம் கேட்டது. 2022ஆம் ஆண்டு அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் சாரம் மிக எளியது. சிகிச்சை நடந்த நாளில் விலையை வெளியிடும் விதியைப் பின்பற்றாதிருந்த மருத்துவமனை, அந்தச் சிகிச்சைக்கான பாக்கியை வசூலிக்க நோயாளியை விரட்ட முடியாது. பில் அனுப்பலாம். ஆனால் கடன் வசூல் நிறுவனத்திடம் ஒப்படைக்கக் கூடாது. வழக்குப் போடக் கூடாது. இவர் கடன் கட்டாதவர் என்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதக் கூடாது. அப்படியும் விரட்டினால் நோயாளி நீதிமன்றம் போகலாம். அவர் பக்கம் தீர்ப்பானால், அவர் ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடன் தொகைக்குச் சமமான தொகையைத் தண்டமாகவும் அவருக்குத் தர வேண்டும். வழக்கறிஞர் செலவும் மருத்துவமனையுடையதே.

சுருங்கச் சொன்னால், விலையை மறைத்தவருக்கு விரட்டி வசூலிக்கும் உரிமை இல்லை.

அன்பர்களே, இது ஒரு மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் பேசி, திருத்தி, வாக்களித்து இயற்றிய சட்டம். திருவிவிலியத்தைப் பார்த்து எழுதியதல்ல. ஆனால் இதைப் படிக்கும் கிறிஸ்தவர்கள் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை வாங்கப் போகும்போது, கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஆண்டவர் அங்கே சொல்கிறார். வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கியவரே அடகை வெளியே கொண்டுவந்து கொடுப்பார். அவர் வறியவராக இருந்தால், அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஏழை அதைப் போர்த்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் அல்லவா? மாவரைக்கும் திரிகைக் கல்லையும் அடகாக வாங்கக் கூடாது. அதை எடுத்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் உயிரையே எடுத்ததாகிவிடும்.

கடனே கிடையாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. கடனுக்கு ஒரு வாசற்படி உண்டு என்கிறார். கடன் கொடுத்தவருக்குப் பணத்தின்மேல் உரிமை உண்டு. கடன்பட்டவரின் வீட்டின்மேலும், தூக்கத்தின்மேலும், மானத்தின்மேலும் உரிமை இல்லை. அந்த வாசற்படியை இன்று யார் தாண்டுகிறார்கள்? தொலைபேசியில் மணிக்கு மணி அழைப்பவர்கள் தாண்டுகிறார்கள். வழக்குப் போட்டு, நோயாளி நீதிமன்றத்துக்கு வராத நாளில் ஒருதலைத் தீர்ப்பு வாங்கி, அவருடைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தம் செய்பவர்கள் தாண்டுகிறார்கள். கூலிவேலை செய்யும் ஒருவருக்குச் சம்பளம்தானே திரிகைக் கல்!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா? எல்லாரும் கட்டாமல் விட்டால் மருத்துவமனை எப்படி நடக்கும்? செவிலியருக்குச் சம்பளம், மருந்துக்குப் பணம், மின்சாரக் கட்டணம் எல்லாம் யார் கொடுப்பது?" மருத்துவமனை நடத்திய அருள்சகோதரிகளை அறிந்த நமக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மாத முடிவில் மருந்துக் கடை பாக்கியை நினைத்துத் தூக்கமில்லாமல் இருந்த சகோதரிகளை நாம் அறிவோம். எனவே கட்ட முடிந்தவர் கட்டவே வேண்டும். கொலராடோ சட்டமும் கடனை அழிக்கவில்லை. விலையை ஒழுங்காக வெளியிட்ட மருத்துவமனையின் கையை அது கட்டவும் இல்லை. விலையைச் சொல், பிறகு கேள் என்றுதான் சொல்கிறது. நேர்மையாக நடத்துகிறவர் இதில் இழப்பது ஒன்றுமில்லை.

இனி, நம் சொந்த வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். கசப்பாக இருந்தாலும் பேச வேண்டும்.

1856ஆம் ஆண்டு டிசம்பரில், கனடாவின் கியூபெக்கிலிருந்து அன்னை ஜோசப் என்னும் அருள்சகோதரி, பிராவிடன்ஸ் சபையைச் சேர்ந்த நான்கு சகோதரிகளோடு அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்கு வந்து சேர்ந்தார். இன்றைய வாஷிங்டன் மாநிலம் அது. தந்தையிடம் தச்சுவேலை கற்றவர் அவர். 1858இல் நான்கு படுக்கைகளோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் போதாதபோது குதிரையில் ஏறி, சுரங்கத் தொழிலாளர்களின் முகாம்களுக்குப் போய்ப் பிச்சை எடுத்தார். ஆம், நோயாளிகளுக்காக அந்தச் சகோதரிகள் கையேந்தினார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் இன்று அன்னை ஜோசப்பின் சிலை நிற்கிறது.

அவர்கள் விதைத்த விதை பெரிய மரமானது. பிராவிடன்ஸ் என்ற பெயரில் பல மாநிலங்களில் மருத்துவமனைகள் நடத்தும் மாபெரும் கத்தோலிக்க அமைப்பாக அது வளர்ந்தது. அதன்மேல் 2022இல் வாஷிங்டன் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி வழக்குத் தொடுத்தார். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறச் சட்டப்படி தகுதியுள்ள ஏழைகளுக்கு அதைச் சொல்லாமல், அவர்களிடமிருந்து பணம் வசூலிக்க முயன்றார்கள், வசூல் நிறுவனங்களிடமும் ஒப்படைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு தீர்ப்புவரை போகாமல் 2024 பிப்ரவரியில் உடன்பாட்டில் முடிந்தது. 13 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யவும், ஏற்கெனவே வாங்கிய பணத்தில் 2 கோடி டாலருக்கு மேல் நோயாளிகளுக்குத் திருப்பித் தரவும் அந்த அமைப்பு ஒத்துக்கொண்டது.

நோயாளிகளுக்காகக் கையேந்திய சகோதரிகளின் பெயரைத் தாங்கிய நிறுவனம், நோயாளிகளிடமே கை நீட்டியதாக நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. அந்த மருத்துவமனைகளில் இரவும் பகலும் உழைக்கும் நல்ல மருத்துவர்களும் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சுவரில் சிலுவை தொங்குவதால் மட்டும் ஒரு மருத்துவமனை கத்தோலிக்க மருத்துவமனை ஆகிவிடாது. அதன் பில் கவுன்டரும் கத்தோலிக்கமாக இருக்க வேண்டும். திருநற்கருணை வைக்கப்பட்டிருக்கும் சிற்றாலயத்திலிருந்து பில் கவுன்டர் வரை ஒரே ஆண்டவர்தான் இருக்கிறார்.

அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்கு வரிவிலக்கு உண்டு. அதற்கு ஈடாக, 2010இல் வந்த சட்டம் அவற்றுக்குச் சில கடமைகளை விதித்திருக்கிறது. ஏழைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதை மக்கள் அறியும்படி விளம்பரப்படுத்த வேண்டும். முதல் பில் அனுப்பி 120 நாள் ஆவதற்குமுன் வழக்கு போன்ற கடுமையான வசூல் வழிகளில் இறங்கக் கூடாது. உதவி இருக்கிறது. ஆனால் அந்த உதவி இருப்பதே தெரியாமல் கடன் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்! மறைக்கப்பட்ட விலையைப் போலவே மறைக்கப்பட்ட இரக்கமும் ஏழைக்குப் பயன்படுவதில்லை.

இந்த இருளில் சில திருச்சபைகள் செய்த ஒரு செயல் நம் உள்ளத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் பழைய மருத்துவக் கடன்களை மொத்தமாக விற்பார்கள். 100 டாலர் கடனை ஒரு டாலருக்குக்கூட வசூல் நிறுவனங்கள் வாங்கும். வாங்கியபின் முழு 100 டாலரையும் கேட்டு நோயாளியை விரட்டும். அந்தத் தொழிலில் இருந்த இருவரே மனம் மாறி, 2014இல் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களும் கடனை அதே மலிவு விலைக்கு வாங்குகிறார்கள். வாங்கி, தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வட கரோலைனா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள மொராவிய சபை ஆலயம் ஒன்று இவர்களோடு சேர்ந்தது. பெரிய ஆலயம் அல்ல. மக்கள் காணிக்கையாகச் சேர்த்தது ஏறத்தாழ 15,000 டாலர். அதைக்கொண்டு அந்த வட்டாரத்தில் 3,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் 33 லட்சம் டாலர் கடனைத் தீர்த்தார்கள். யூபிலி என்று அதற்குப் பெயர் வைத்து, கடன் பட்டியலை ஆலயத்தில் தீயிட்டு எரித்தார்கள்.

நல்ல செயல். ஆனால் அது நம்மை ஒரு கேள்வி கேட்க வைக்கிறது. அந்நியருக்கு ஒரு டாலருக்கு விற்க முடிந்த கடனை, நோயாளியிடம் 100 டாலராகத்தான் கேட்க வேண்டுமா? அதே ஒரு டாலருக்கு அவரிடமே "போய் வா மகனே" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படிக் கடன் தள்ளுபடி பெற்ற 83,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2024 ஏப்ரலில் வெளியானது. சராசரியாகப் பார்த்தால், அவர்களின் மனநலத்திலோ பண நிலைமையிலோ பெரிய மாற்றம் ஏற்படவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பலருக்கு இது வியப்பாக இருந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் புரியும். அவை பழைய கடன்கள். தொலைபேசி அழைப்புகளும், வழக்கு மிரட்டலும், அவமானமும் வந்து போனபிறகு வந்த மன்னிப்பு அது. காயம் ஆறாத இடத்தில் தழும்பை மட்டும் தடவிக்கொடுத்தது போல. தள்ளுபடி வேண்டும், அது நம் ஆண்டவர் கற்பித்த இரக்கம். ஆனால் அதற்குமுன் நீதி வேண்டும். கடன் வீட்டுக்குள் நுழைந்தபிறகு துரத்துவதைவிட, வாசலிலேயே நிறுத்துவது மேல். கொலராடோ செய்தது அதைத்தான்.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் கொரிந்து நகர மக்களிடம் காணிக்கை கேட்கிறார். உங்களைத் துன்பத்தில் ஆழ்த்திவிட்டு மற்றவர்களைச் சுகமாக வைக்க அல்ல, எல்லாரும் சமநிலையில் இருக்க என்று காரணம் சொல்கிறார். பாலைநிலத்தில் மன்னா பொழிந்த நாளை நினைவூட்டுகிறார். அன்று நிறையச் சேர்த்தவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்கு எதுவும் குறையவில்லை. மருத்துவமும் அப்படி ஒரு மன்னா. 2025 யூபிலி ஆண்டுக்காக 2024 மே மாதம் வெளியிட்ட ஆணைமடலில், வறிய நாடுகளின் கடனை மன்னிக்கும்படி அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் செல்வ நாடுகளைக் கேட்டிருந்தார். நாடுகளுக்குப் பொருந்துவது வீடுகளுக்கும் பொருந்தும்.

மீண்டும் நற்செய்திக்கு வருவோம். அந்தப் பெண் ஏன் பின்புறமாக வந்தார்? சட்டப்படி தீட்டுள்ளவர் என்ற அச்சம் ஒன்று. கையில் ஒன்றும் இல்லாதவர் யார் முன்னாலும் வந்து நிற்கக் கூசுவார் என்பது இன்னொன்று. கடன்பட்டவர்கள் அப்படித்தான். தெரிந்தவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவார்கள். முன்பு சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குப் பாக்கி இருப்பதால், மறுபடி நோய் வந்தாலும் போக மாட்டார்கள். கடன் வெறும் பணப் பிரச்சினை அல்ல. அது மனிதரை ஒளிந்துகொள்ள வைக்கிறது, நலம் பெறும் இடத்திலிருந்தே அவரைத் துரத்துகிறது.

ஆண்டவர் என்ன செய்கிறார்? நிற்கிறார். தொழுகைக்கூடத் தலைவரின் மகள் சாகக் கிடக்கிறாள். அவசரம். ஆனாலும் ஆண்டவர் நிற்கிறார். தலைவர் காத்திருக்கிறார், கைப்பொருள் இழந்த பெண் முதலில். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டு, ஒளிந்திருந்தவரை எல்லார் முன்னும் வரவழைத்து, "மகளே" என்று அழைக்கிறார். மாற்கு நற்செய்தியில் இயேசு ஒருவரை மகளே என்று அழைப்பது இந்த ஓர் இடத்தில்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பெண் மருத்துவர்களுக்கு வாடிக்கையாளர். ஆண்டவருக்கு மகள்.

அன்பர்களே, நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். காப்பீடு இல்லாதவர்களும், தம் கைப்பணத்தில் கட்டுகிறவர்களும், சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு கேட்டுப் பெறும் உரிமை 2022 ஜனவரி முதல் அங்கே உண்டு. பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக வந்தால் முறையிடலாம். பில் வந்ததும் பயந்து கட்ட வேண்டாம். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில்லைக் கேட்கட்டும். உதவித் திட்ட விண்ணப்பம் எங்கே என்று கேட்கட்டும்.

நம் ஊரிலும் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைகள் சாசனம் இருக்கிறது. கட்டண விவரத்தை அறியும் உரிமையும், விவரமான பில்லைப் பெறும் உரிமையும் நோயாளிக்கு உண்டு என்று அது சொல்கிறது. கட்டணத் தகராறுக்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் அன்பியங்களில் இதைப் படித்துக் காட்டுவோம். அன்பியத்தில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், பழமும் ரொட்டியும் வாங்கிப் போய்ப் பார்ப்பது நம் வழக்கம். இனி அதோடு இன்னொன்றும் செய்வோம். கணக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று பணிவாக, ஆனால் தெளிவாக, முன்பே கேட்கட்டும். அழுதுகொண்டிருக்கும் மனைவியால் அதைக் கேட்க முடியாது. அவருக்காக நாம் கேட்க முடியும்.

நம் நடுவில் மருத்துவமனை அலுவலகங்களிலும் பில் கவுன்டர்களிலும் வேலை செய்கிற சகோதர சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்கள் இருக்கை சிறிய இருக்கை அல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பின்புறமாக வந்து ஆண்டவரைத் தொட்ட அந்தப் பெண்ணாக இருக்கலாம். விலையை முன்பே சொல்லுங்கள். உதவி இருந்தால் கேட்காமலே சொல்லுங்கள்.

செபிப்போம். இறைவா, நோயில் கைப்பொருளை எல்லாம் இழந்து நிற்கும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கும். மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கு நேர்மையான எடைக்கல்லையும் இரக்கமுள்ள இதயத்தையும் தாரும். சட்டம் இயற்றுகிறவர்களுக்கு ஏழையின் வாசலைக் காக்கும் துணிவைத் தாரும். கடனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒவ்வொருவரும், உம் மகனின் குரலைக் கேட்டு, மகளாக, மகனாக நிமிர்ந்து நிற்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.